வெள்ளி அரைஞாணும் வெந்நீர்க் குளமும்

(ஜப்பானில் குன்மா மாநிலம், குசாட்சு மலையூர். கடல்மட்டத்துக்கு மேல் 1,200 மீட்டர். வெளியே பனி கொட்டுகிறது. டோக்கியோவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, ஈரோட்டுப் பக்கமிருந்து வந்த மாமனாரையும் அத்தையையும் பழையகாலத்து விடுதி ஒன்றுக்குக் கூட்டி வந்திருக்கிறார். இந்த மாதிரி விடுதிக்கு ரியோகான் என்று பேர். அத்தையும் மகளும் குளிக்கப் போயாயிற்று. அறையில் ஆண்கள் இருவர் மட்டும்.)

மாமனார்: ஏனுங்க மாப்ள, ரூம்பு பூரா பாய் விரிச்சிருக்குது. கட்டிலு எங்கீங்க?

மாப்பிள்ளை: அது பாய் இல்லீங்க மாமா, தரையே அதுதான். ததாமிம்பாங்க. நாம சாப்பிடப் போற நேரத்துல அவங்களே வந்து மெத்தை போட்டுட்டுப் போயிருவாங்க.

மாமனார்: கட்டிலும் இல்ல. நாற்காலி இருக்குது, அதுக்குக் காலு இல்ல. ஒரு ராத்திரிக்கு எத்தனைங்க?

மாப்பிள்ளை: ராத்திரிச் சாப்பாடு, காலைச் சாப்பாடு எல்லாம் சேத்தித்தானுங்க.

மாமனார்: தொகையக் கேட்டனுங்க.

மாப்பிள்ளை: ஊருக்குப் போய்ச் சொல்றனுங்க மாமா.

மாமனார்: அது கெடக்கட்டும். பஸ்ஸ விட்டு எறங்குனதுல இருந்து அழுகின முட்டை நாத்தம். கட்டுச்சோறுதான் கெட்டுப்போச்சுன்னு உங்கத்தைய அந்தப் பேச்சு பேசிப்போட்டனே! கொட்டலாம்னு பாத்தா ஊருல ஒரு குப்பைத்தொட்டி கண்ணுல படல.

மாப்பிள்ளை: அது கந்தகங்க மாமா. ஊருக்கு நடுவால மரத் தொட்டிங்க வரிசையா ஆவி பறக்க ஓடுச்சே, அங்க இருந்து வர்ற வாசம். இந்த ஊருல மட்டும் நிமிசத்துக்கு 32,000 லிட்டருக்கு மேல வெந்நீர் தானா பொங்குது. மோட்டாரே கெடையாது.

மாமனார்: மோட்டாரு இல்லாமயா? (பெருமூச்சு) நம்ம தோட்டத்துல 900 அடி போர் போட்டு காத்து வந்துச்சுங்க மாப்ள. காத்து!

(கிணறு வற்றின குடியானவன் பெருமூச்சுக்கு எந்த நாட்டிலும் பதில் இல்லை. மாப்பிள்ளை அலமாரியைத் திறந்து இரண்டு யுகதாவை எடுக்கிறார். பருத்தி அங்கி, இடுப்புக்கு ஒரு நாடா.)

மாப்பிள்ளை: இதக் கட்டிக்குங்க. விடுதிக்குள்ள எங்க போறதுன்னாலும் இதுதான்.

மாமனார்: வேட்டி கட்டறவனுக்கு இதென்ன பிரமாதம். (கட்டிக்கொண்டு) எப்படி?

மாப்பிள்ளை: ஐயோ மாமா! மாத்துங்க, மாத்துங்க! வலதுப் பக்கத்த உள்ள விட்டு, எடதுப் பக்கம் மேல வரோணும். நீங்க கட்டியிருக்கறது செத்தவங்களுக்குக் கட்டற மொறை.

மாமனார்: (அவசரமாக அவிழ்த்தபடி) அதானுங்களா! சித்த முந்தி தண்ணி குடிக்கலாம்னு இத இப்படியே மேலுக்குப் போட்டுட்டு வெளிய போனனுங்க. விடுதிக்காரம்மா என்னையப் பாத்ததும் ரெண்டு கையும் நீட்டிட்டு ஓடியாந்துச்சு. நான் என்னமோ மரியாதைன்னு நெனச்சு, கும்பிட்டுட்டு வந்துட்டேன்.

(உடை மாற்றும் அறை. மூங்கில் கூடைகள். நீலத் திரைக்கு இந்தப் பக்கம் ஆண்கள். சுவரில் பல மொழிகளில் ஒரு அறிவிப்பு.)

மாப்பிள்ளை: (சுவரைப் பார்த்துக்கொண்டு) மாமா, ஒரு சமாச்சாரம். இங்க துணியோட எறங்கக் கூடாதுங்க.

மாமனார்: சரி. துண்டு கட்டிக்கலாமில்ல?

மாப்பிள்ளை: துண்டும் தண்ணிக்குள்ள வரக் கூடாது. மடிச்சுத் தலைமேல வெச்சுக்கலாம்.

மாமனார்: மானத்தத் தலையில வெச்சுக்கிட்டு ஒடம்ப மட்டும் கொண்டு போறதா? மாமனாரும் மருமகனும்?

மாப்பிள்ளை: யாரும் யாரையும் பாக்க மாட்டாங்க மாமா. நானும் இந்தச் சொவத்தத்தான் பாத்துட்டு நிக்கறேன்.

மாமனார்: அப்படியே நில்லுங்க. (சற்று நேரம் கழித்து) ம். எனக்குப் பிரச்சினை இல்லீங்க. இடுப்புல அரைஞாண் இருக்குது. அரைஞாண் இருந்தா அம்மணம் இல்லைன்னு எங்க ஆத்தா சொல்லும்.

மாப்பிள்ளை: அதையும் கழட்டோணுங்க மாமா. போர்டுல போட்டிருக்குது. வெள்ளின்னா கருத்துப்போயிருமாம்.

மாமனார்: எங்க மாமனார் எனக்குப் போட்ட அரைஞாணுங்க இது. அசல் வெள்ளி, அவரே சேலத்துக்குப் போய் அடிச்சுட்டு வந்தது. நாப்பது வருசமா இந்த இடுப்ப விட்டு எறங்குனதில்ல. கருத்தா விபூதி வெச்சுத் தேச்சா வெளுத்துரும். நீங்க கைக்காப்பக் கழட்டலீங்களா?

மாப்பிள்ளை: நீங்க தலைதீபாவளிக்குப் போட்டதுங்க. கை பெருத்துப்போச்சு, கழல மாட்டீங்குது. என்ன, கருத்தா ரெண்டு பேருதும் ஒட்டுக்காக் கருக்கட்டும்.

மாமனார்: அதுக்கென்னங்க, அது கெடக்குது, அதுக்கு ஒண்ணும் ஆவாது. வாங்க.

(குழாய்களுக்கு முன்னால் சாண் உயரத்தில் குட்டி முக்காலிகள்.)

மாப்பிள்ளை: இதுல உக்காந்து சோப்புப் போட்டு நல்லாக் குளிச்சிருங்க. அப்பறந்தான் குளிக்கறது.

மாமனார்: குளிச்சுட்டுக் குளிக்கறதா? அப்ப அந்தக் குளத்துக்கு வேலை?

மாப்பிள்ளை: அது ஊறறதுக்குங்க. அழுக்கு இங்கயே போயிரோணும்.

மாமனார்: முன்னயே சொல்லியிருந்தா எண்ணெய் தேச்சுட்டு வந்திருப்பனே. இன்னிக்குச் சனிக்கெழமை வேற. நல்லெண்ணெய் பாட்டில் பையிலதான் இருக்குது, எடுத்தாரட்டுங்களா?

மாப்பிள்ளை: வேண்டாங்க மாமா! எண்ணெய் மெதந்தா நம்மள நாடு கடத்திருவாங்க.

(திறந்தவெளிக் குளம். பாறை விளிம்பில் பனி. ஒரு மூங்கில் வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் பகுதி. மாமனார் கால் விரலை விட்டு வெடுக்கென்று இழுக்கிறார்.)

மாமனார்: யப்பா! கோழி முக்கித் தோல் உரிக்கற சூடுங்க இது!

மாப்பிள்ளை: 42 டிகிரிதானுங்க. ஊத்துல இன்னும் கொதிக்கும். பச்சத்தண்ணி கலந்தா மருந்துக் கொணம் போயிரும்னு, அந்தக் காலத்துல ஆளு ஒசரப் பலகைய விட்டுத் தண்ணியக் கிண்டிக் கிண்டியே ஆற வெப்பாங்களாம். யுமொமின்னு பேரு. இன்னிக்கும் பாட்டுப் பாடிட்டே செஞ்சு காட்டறாங்க. நாளைக்குப் போலாம்.

மாமனார்: டீ ஆத்தறதுதானுங்க? அதுக்கு டிக்கெட் வேற இருக்குமே? நம்ம பேக்கரிக்காரன் ஓசியில காட்டறான்.

(அங்குலம் அங்குலமாக இறங்கி, கழுத்தளவில் நிற்கிறது மாமனாரின் முகம். தலைமேல் துண்டு. துண்டின் மேல் பனி.)

மாமனார்: ...ஆஆஆ. மாப்ள.

மாப்பிள்ளை: சொல்லுங்க மாமா.

மாமனார்: கீழ சித்திரை, மேல மார்கழி. முட்டிவலி போன எடந் தெரியலீங்க.

மாப்பிள்ளை: கண்ணுல மட்டும் பட்டுறாமப் பாத்துக்குங்க. எலுமிச்சஞ்சாறு கணக்கா அமிலமுங்க இந்தத் தண்ணி. நூறு வருசத்துக்கு முந்தியே பெல்ட்ஸ்னு ஒரு ஜெர்மன் டாக்டரு இந்த ஊரப் புகழ்ந்து எழுதிட்டுப் போயிருக்காரு.

மாமனார்: டாக்டரே சொன்னாரா? அப்ப இன்னொரு அரை மணி நேரம் கெடப்போம்.

மாப்பிள்ளை: பத்து நிமிசத்துக்கு மேல ஆவாதுங்க, மயக்கம் வந்துரும். எந்திரிச்சு கல்லுல உக்காருங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.

(இருவரும் முதுகோடு முதுகாக, துண்டை உரிய இடத்தில் போட்டுக்கொண்டு, கல்லில் உட்காருகிறார்கள்.)

மாமனார்: அடக் கடவுளே! மாப்ள, இங்க பாருங்க. இல்ல, பாக்காதீங்க. அரைஞாண் கரியாட்டம் ஆயிருச்சு!

மாப்பிள்ளை: நான்தான் சொன்னனே. அசல் வெள்ளின்னா அப்படித்தான்... (தன் கையைப் பார்க்கிறார். தேய்த்துப் பார்க்கிறார். விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்.) மாமா.

மாமனார்: பனி நல்லா விழுகுதுங்க.

மாப்பிள்ளை: உங்க மாமனார் உங்களுக்குப் போட்டது கருத்துருச்சு.

மாமனார்: ஆமாங்க. கஷ்டமாத்தான் இருக்குது.

மாப்பிள்ளை: என்ர மாமனார் எனக்குப் போட்டது கண்ணாடியாட்டம் மின்னுது.

மாமனார்: நீங்க வெச்சிருக்கற நறுவிசுங்க அது.

மாப்பிள்ளை: மாமா, இது வெள்ளிதானுங்களே?

மாமனார்: நான் என்னிக்குங்க வெள்ளின்னு சொன்னேன்? சில்வர் காப்புன்னுதானே சபையில சொன்னேன்.

மாப்பிள்ளை: சில்வர்ன்னா வெள்ளிதானுங்களே?

மாமனார்: ஏனுங்க, உங்கூட்டுல மோர் குடிக்கற டம்ளரு சில்வர் டம்ளரு. சோறு திங்கற தட்டு சில்வர் தட்டு. அதெல்லாம் வெள்ளிங்களா?

மாப்பிள்ளை: (மூங்கில் வேலியைப் பார்த்து, குரலை உயர்த்தி) அத்தே! அத்தே, கேக்குதுங்களா?

மாமனார்: (கழுத்துவரை தண்ணீருக்குள் இறங்கி) மெதுவாங்க மாப்ள, மெதுவா! ஊருக்குப் போனதும் அசல் வெள்ளியிலயே ஒண்ணு அடிச்சுப் போட்டர்றேன்.

மாப்பிள்ளை: எத்தனை கிராமுங்க?

மாமனார்: அத... ஊருக்குப் போய்ச் சொல்றனுங்க.