மீன் செத்து மிதந்தால்தான் குளம் கெட்டதா?

போன கிழமை குளக்கட்டால் வந்துகொண்டிருந்தேன். அலைகரைப் பக்கம் யாரோ ஒரு உரப்பை நிறையப் பழைய ரியூப் லைற்றுகளைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள், பாதிக்கு மேல் உடைந்து கிடந்தன. கொஞ்சம் தள்ளி வலை காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணையிடம் "இதுக்குள்ள பாதரசம் இருக்கு அண்ணை, தண்ணி ஏறினா குளத்துக்குள்ளதானே போகும்" என்றேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "மீன் ஒண்டும் செத்து மிதக்கேல்லையே தம்பி, பிறகென்ன?"

அவரில் எனக்குக் கோபமில்லை. சின்ன வயதிலிருந்து அந்தக் குளத்தில் வலை போடுகிறவருக்கு மீன் மிதக்கிறதா இல்லையா என்பதுதான் அளவுகோல், பல நஞ்சுகளுக்கு அது சரியும்கூட. இரசத்துக்கு, அதாவது அந்தப் பாதரசத்துக்கு மட்டும் சரிவராது. அது பெரிய மீனைக் கொல்லாமல் சினையில் கைவைக்கிற நஞ்சு. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், கொஞ்சம் நீளும்.

ஒரு ரியூப்பில் இருப்பது சில மில்லிகிராம் இரசம்தான். காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடி வெப்பமானியில் ஒரு கிராம் அளவில் இருக்கும், இரசத்தில் வேலை செய்யும் பழைய பிரஷர் கருவியில் 100 கிராம் அளவில். குளத்து அடிச்சேற்றில் காற்றில்லாத இடத்தில் வாழும் சில பற்றீரியாக்கள் இந்த இரசத்தை மெதைல் இரசமாக மாற்றிவிடும். ஆபத்தான உருவம் அதுதான். பாசியிலும் நுண்ணுயிர்களிலும் தொடங்கி, அதைத் தின்னும் சின்ன மீன், சின்ன மீனைத் தின்னும் விரால் என்று படிப்படியாக ஏறும். தண்ணீரில் அளக்கவே கடினமான அளவில் இருப்பது, பெரிய இரைகௌவி மீனின் சதையில் 10 லட்சம் மடங்கும் அதற்கு மேலும் சேர்ந்துவிடும். நீர்மட்டம் ஏறி இறங்கும் நீர்த்தேக்கங்களில், காய்ந்து மறுபடி நனையும் கரைமண்ணில் இந்த மாற்றம் கூடுதலாக நடக்கும் என்று வேறு நாடுகளில் கண்டிருக்கிறார்கள். எங்கள் குளங்களை நினைத்துப் பாருங்கள். புரட்டாதியில் வெடித்துக் கிடக்கும் அலைகரை கார்த்திகையில் தண்ணீருக்குள். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் எல்லாமே இப்படித்தான் மூச்சுவிடுகின்றன.

சரி, சினைக்கு வருவோம். தாய்மீன் தின்ற தீனியில் இருக்கும் மெதைல் இரசம், அதன் வயிற்றில் சினை உருவாகும்போதே உள்ளே போய்விடும். முட்டை தண்ணீரைத் தொட முதலே நஞ்சு உள்ளே இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு சின்ன நன்னீர் மீனுக்கு மெதைல் இரசம் கலந்த தீனி கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். மீன்கள் சாகவில்லை, வளர்த்தியிலும் குறைவில்லை. முட்டையிடுவது மட்டும் குறைந்தது, பிந்தியது. அண்ணையின் அளவுகோலால் பார்த்தால் அந்தத் தொட்டியில் ஒரு பிழையும் இல்லை.

முட்டைக்குள் நடப்பதைப் பார்ப்பதற்கு ஆய்வுகூடங்களில் வரிக்குதிரைமீனை வைத்திருக்கிறார்கள். விரல் நீளம்கூட வராத மீன், தெற்காசிய ஓடைகளைச் சேர்ந்தது. அதன் முளையம் கண்ணாடிபோல இருக்கும். கருக்கட்டி ஏறக்குறைய ஒரு நாளில் இதயம் துடிக்கத் தொடங்குவதை நுணுக்குக்காட்டியில் நேரே பார்க்கலாம், இரண்டு மூன்று நாளில் குஞ்சு வெளியே வந்துவிடும். அந்தக் குறுகிய நேரத்துக்குள் மூளை, கண், முதுகெலும்பு எல்லாம் அமைய வேண்டும், கலங்கள் விடாமல் பிரிந்துகொண்டும் இடம்மாறிக்கொண்டும் இருக்க வேண்டும். கலம் பிரிவதற்கு உள்ளே நூல்போன்ற நுண்குழாய்கள் வேண்டும். மெதைல் இரசம் போய் ஒட்டிக் குலைப்பது அந்தக் குழாய்களைக் கட்டும் புரதத்தைத்தான். அளவு கூடினால் வால் வளையும், செட்டை மடிப்புச் சிதையும், இதயத்தைச் சுற்றி நீர் கோர்க்கும், பொரிப்பது பிந்தும் அல்லது பொரிக்கவே பொரிக்காது. 1970களில் ஜூடித் வைஸ், பெட்ரிக் வைஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் உவர்நீர்ச் சதுப்பில் வாழும் ஒரு சிறு மீனின் முட்டைகளை மெதைல் இரசத்தில் வைத்தபோது, இரண்டு கண்ணும் ஒன்றாய்ச் சேர்ந்த ஒற்றைக் கண் குஞ்சுகள் உருவாகின.

எனக்கு இதைவிடப் பயமான பகுதி குறைந்த அளவில் நடப்பது. குஞ்சு பார்வைக்கு நல்லாய்த்தான் இருக்கும், நீந்தும், தின்னும். ஆனால் நிழல் விழுந்தால் திடுக்கிட்டு விலகுவது மாறிப்போயிருக்கும், கற்றுக்கொள்வது மந்தமாக இருக்கும். ஒரு குஞ்சுக்கு நிழல் என்றால் கொக்கு. விலகத் தெரியாத குஞ்சைக் கொக்கு தின்றால் அதை இரசத்தின் கணக்கில் யார் எழுதுவார்கள்? 2017 இல் வந்த ஒரு ஆய்வில், முளையமாக இருந்த முதல் நாளில் மட்டும் மெதைல் இரசம் பட்ட வரிக்குதிரைமீன்களின் பேரக்குஞ்சுகளிலும் இந்த நடத்தைக் கோளாறு தெரிந்தது. அந்தப் பேரக்குஞ்சுகள் இரசத்தைத் தொட்டதே இல்லை.

"மீன் பழகிவிடும்" என்று ஒரு பேச்சு வரும், தெரியும். வைஸ் இருவரும் அதையும் பார்த்தார்கள். இரசம் படிந்த ஒரு ஓடையில் பரம்பரையாக வாழ்ந்த மீன்களின் முட்டைகள் மெதைல் இரசத்தைக் கூடுதலாகத் தாங்கின. ஆனால் அந்த ஓடையின் வளர்ந்த மீன்கள் மெதுவாக வளர்ந்தன, இரை பிடிப்பதில் பின்தங்கின, ஆயுளும் குறைவு. இதைப் பழகிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் குளங்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. கட்லா, ரோகு மாதிரி மீன்கள் குளத்தில் இனம்பெருக்குவதில்லை, குஞ்சுகளை வெளியில் பொரிக்கவைத்துக் கொண்டுவந்து விடுகிறார்கள். நல்ல வேலைதான், எத்தனையோ வீட்டில் அடுப்பெரிகிறது. ஆனால் குளத்தில் பிடிபடும் கிலோவை மட்டும் பார்த்தால் குளத்துக்குள்ளேயே முட்டையிடுகிற விராலுக்கும் கெளுத்திக்கும் திலாப்பியாவுக்கும் என்ன நடக்கிறது என்று தெரியாது. தண்ணீர் வற்றும்போது அலைகரைச் சேற்றில் கிண்ணம் கிண்ணமாகப் பள்ளம் தெரியுமே, அது திலாப்பியா ஆண் தோண்டிய கூடு. பெண் முட்டையை வாயில் கவ்விக் காக்கும். நாங்கள் ரியூப் கொட்டுவது அதே அலைகரையில்.

எங்கள் குளத்து மீன் நஞ்சு, தின்னாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து அப்படிப் பரப்பிவிடாதீர்கள், மீன் விற்றுப் பிழைக்கிறவர்கள் பாவம். குளத்து மீனும் நெத்தலியும் சூடையும் தாராளமாகத் தின்னுங்கள். ஆனால் மீன் முளையத்துக்கு நடப்பது மனித முளையத்துக்கும் நடந்திருக்கிறது. ஜப்பானின் மினமாட்டாவில் தொழிற்சாலைக் கழிவில் போன மெதைல் இரசத்தால் வந்த நோய் 1956 இல் அடையாளம் காணப்பட்டது. தங்களில் பெரிதாக ஒரு நோய்க்குறியும் தெரியாத தாய்மார், மூளை பாதித்த பிள்ளைகளைப் பெற்றார்கள். தாயின் உடம்பிலிருந்த இரசம் வயிற்றுப் பிள்ளைக்குப் போயிருந்தது. எங்கள் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா வறை கொடுப்பது வழக்கம். சின்னச் சுறாவில் இரசம் குறைவு, பெரிய சுறாவில் கூட. அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிற தாய்மாருக்கும் தவிர்க்கச் சொல்லும் மீன்களில் சுறாவும் ஒன்று. சமைத்தாலும் இரசம் போகாது, அது சதைப் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது. கர்ப்பிணிகள் கிளினிக்கில் கீரையும் முட்டையும் சாப்பிடச் சொல்கிற மாதிரி இதையும் ஒரு வரி சொன்னால் என்ன?

இலங்கை, இரசத்தைக் கட்டுப்படுத்துவதற்கான சர்வதேச மினமாட்டா உடன்படிக்கையில் இருக்கிற நாடு. எங்கள் ஊர்ப் பக்கம் எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பிரதேச சபைக் குப்பை வண்டியில் ரியூப், சுருள் பல்ப், பழைய வெப்பமானிக்கு மூடியுள்ள தனிப் பெட்டி. குளத்து விராலின் சதையையும் சினையையும் வருடத்துக்கு ஒருமுறையாவது எடுத்து அளந்து, முடிவைக் கடற்றொழில் சங்கத்தில் ஒட்டிவிடுவது. அவ்வளவுதான்.

அன்றைக்கு அண்ணையும் நானும் சேர்ந்துதான் பொறுக்கினோம். உடைந்ததை விளக்குமாற்றால் கூட்டாமல் காட்போட் மட்டையால் வாரி ஒரு போத்தலில் போட்டு இறுக்கி மூடினோம். உடையாத 9 ரியூப்பும் என் வீட்டு விறகுக் கொட்டிலில் பெட்டிக்குள் இருக்கின்றன. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இவற்றைப் பொறுப்பாக வாங்கும் இடம் யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.