காட்டிக்கொடுத்த கூலி

வசந்தி: கிரெடிட் கார்டில் 45 யூரோ பிடித்திருக்கிறார்கள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

மூர்த்தி: யாரு?

வசந்தி: இத்தாலியில் நமக்குக் கார் வாடகைக்குக் கொடுத்தார்களே, அவர்கள்தான்.

மூர்த்தி: வண்டியைத் திருப்பிக் கொடுத்து ஏழு மாசம் ஆச்சே! தப்பாக வந்திருக்கும், விடு. நான்தான் ஃபுல் இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறேனே.

வசந்தி: மெயிலைப் படிக்கிறேன், கேளுங்க. ஃபிளாரன்ஸில் ‘ஜோனா அ டிராஃபிக்கோ லிமிட்டாட்டோ’வுக்குள் அனுமதி இல்லாமல் போனீர்களாம்.

மூர்த்தி: அனுமதி எதுக்கு? போர்டிலேயே போட்டிருந்ததே, டிராஃபிக் லிமிட்டட் என்று. நெரிசல் கம்மியான ரோடு. அதனால்தான் அந்தப் பக்கமே திருப்பினேன்.

வசந்தி: கம்மியாகத்தான் இருந்தது. வேறு எவனும் உள்ளே வரவில்லையே.

மூர்த்தி: பக்கத்தில் ‘அட்டிவா’ என்று வேறு எரிந்தது. ஆக்டிவ். திறந்திருக்கு, வா என்றுதானே அர்த்தம்?

வசந்தி: அனுமதி இல்லாத வண்டிக்குத் தடை அமலில் இருக்கு என்று அர்த்தம். சிவப்பாக எரிந்ததே, உங்களுக்கு ஆரத்தி எடுக்கிறார்கள் என்று நினைத்தீர்களா?

மூர்த்தி: ஹோட்டல் உள்ளே இருந்தால் மனுஷன் எப்படித்தான் போறது?

வசந்தி: வண்டி நம்பரைச் சொன்னால் ஹோட்டல்காரர்களே பதிந்து வைப்பார்கள். போன் பண்ணிக் கேளுங்க என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். வழி கேட்டால் உங்களுக்குக் கௌரவக் குறைச்சல். ஒரே வாசலில் நாளுக்கு ஒரு தடவையாக மூன்று தடவை நுழைந்தீர்கள். கோயில் பிரகாரமா, சுற்றச் சுற்றப் புண்ணியம் சேர? கேமரா ஒவ்வொரு சுற்றுக்கும் தனிக் கணக்கு வைத்திருக்கிறது.

மூர்த்தி: சரி, மூன்று சுற்று, மூன்று அபராதம். எடுத்துக்கிட்டாங்க. ஒழிஞ்சது.

வசந்தி: இது அபராதமே இல்லை.

மூர்த்தி: பின்னே?

வசந்தி: ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டதாம். இவர்கள் உங்கள் பெயரையும் விலாசத்தையும் கொடுத்தார்களாம். கொடுத்ததற்குக் கூலி 45.

மூர்த்தி: என்னைக் காட்டிக்கொடுக்க என்கிட்டயே காசா?

வசந்தி: எட்டப்பன்கூட வெள்ளைக்காரனிடம்தான் கூலி வாங்கினான். கட்டபொம்மனிடம் போய் பில்லை நீட்டவில்லை.

மூர்த்தி: அப்புறம் ஃபுல் இன்ஷூரன்ஸ் எதுக்கு?

வசந்தி: அது காருக்கு. உங்களுக்கு இல்லை.

மூர்த்தி: அந்தக் கவுன்ட்டர் பொண்ணு, எது நடந்தாலும் கவலைப்படாதீங்க என்றதே!

வசந்தி: அவள் கவலைப்படவில்லையே. இன்ஷூரன்ஸை விற்க இருபது நிமிஷம் பேசினாள். டயர், கண்ணாடி, கூரை எல்லாம் சொன்னாள். ‘பழைய ஊருக்குள் காரை விடாதீங்க’ என்று சொல்ல அரை நிமிஷம் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? சொன்னால் இந்த 45 வராதே.

மூர்த்தி: நான் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன். வண்டி எடுக்கும்போது ஒரு கீறல் விடாமல் போட்டோ எடுத்தேன்.

வசந்தி: எடுத்தீர்கள். பம்பரில் கொசுக்கடி மாதிரி இருந்த கீறலுக்கு மட்டும் பதினொன்று. அப்புறம் காரோடு சாய்ந்து நின்று ஒன்று. இதோ, பாருங்க.

மூர்த்தி: நல்லாத்தானே இருக்கேன்.

வசந்தி: தலைக்குப் பின்னால் பாருங்க. வெள்ளைத் தட்டில் சிவப்பு வட்டம்.

மூர்த்தி: உள்ளே ஒன்றுமே போடலையே. காலி வட்டம்.

வசந்தி: எந்த வண்டியும் உள்ளே வரக்கூடாது என்று அர்த்தம். சாமி படத்தில் ஒளிவட்டம் மாதிரி உங்கள் தலைக்குப் பின்னாலேயே நிற்கிறது. போலீஸுக்குக் கேமராவே தேவையில்லை, நீங்களே சாட்சியோடு நிற்கிறீர்கள்.

மூர்த்தி: அப்போ அசல் அபராதம் எவ்வளவு?

வசந்தி: ஒரு சுற்றுக்கு 83 யூரோ. தபால் செலவு தனி.

மூர்த்தி: மூன்றா! ஃபுல் இன்...

வசந்தி: அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன்.

மூர்த்தி: இரு, நெட்டில் பார்க்கிறேன்... ஆ! கடிதம் கைக்கு வந்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறைவாம்! ஆடித் தள்ளுபடி மாதிரி. வரட்டும், வந்த அன்றைக்கே கட்டிடறேன்.

வசந்தி: பச்சைக் கலரில் பெரிய கவராக இருக்குமாம்.

மூர்த்தி: பச்சையா?

வசந்தி: ஏங்க?

மூர்த்தி: ஃபிரிட்ஜ் மேல ஒன்று கிடக்கே... விளம்பரம்னு நினைச்சேன்.

வசந்தி: கொண்டாங்க அதை. என்ன இது, பின்னால் பூரா கிறுக்கி வைத்திருக்கிறீர்கள்?

மூர்த்தி: பால் கணக்கு.

வசந்தி: எத்தனை நாள் கணக்கு?

மூர்த்தி: ...இருபத்தி ரெண்டு.