ஆல்பனியின் கிரேக்கப் பாடத்துக்காக வாதாடியவர் உயிர்வேதியியலாளர்

இந்த விவாதத்தில் ஒருவர், "கிரேக்கம், லத்தீனைக் காப்பாற்றச் சொல்பவர்கள் அதைக் கற்பித்துப் பிழைப்பவர்கள் மட்டுமே, அறிவியலாளர்கள் அந்தப் பணம் ஆய்வகத்துக்கு வரட்டும் என்றுதான் நினைப்பார்கள்" என்று எழுதி, நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி பல்கலைக்கழகத்தைச் சான்றாகக் காட்டியிருக்கிறார். பொருத்தமற்ற சான்று.

2010 அக்டோபரில் அங்கே பிரெஞ்சு, இத்தாலியம், ரஷ்யன், செவ்வியல் (பழங்கால கிரேக்க, லத்தீன் படிப்பு), நாடகம் ஆகிய ஐந்து பட்டப்படிப்புகளுக்கும் புதிய மாணவர் சேர்க்கையை நிறுத்துவதாக, மாநில நிதிக்குறைப்பைக் காரணம் காட்டி, அன்றைய தலைவர் ஜார்ஜ் பிலிப் அறிவித்தார். அதற்கு எழுந்த மறுப்புகளில் மிகப் பரவலாகப் படிக்கப்பட்ட ஒன்று கிரெகரி பெட்ஸ்கோவின் திறந்த மடல். அவர் அப்போது பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியர். மடல் வெளியானதோ 'ஜீனோம் பயாலஜி' என்ற அறிவியல் இதழில்! அறிவியலாளராகத் தமக்கு மிகவும் உதவியவை செவ்வியல், கலை வரலாறு, சமூகவியல், ஆங்கில இலக்கியம் ஆகிய பாடங்களே என்று அதில் சொல்கிறார்.

"மாணவர்களே வருவதில்லையே" என்ற அப்படி எழுதியவரின் அடுத்த வாதத்துக்கும் அந்த மடலிலேயே பதில் உண்டு: எல்லோரும் மொழி, இலக்கியம் போன்ற சில கலைப் புலப் பாடங்களையாவது படித்தாக வேண்டும் என்ற விதியை நிர்வாகங்களே தளர்த்தின, வகுப்பு காலியானதற்கு அதுதான் காரணம் என்கிறார். இதை ஒருவர் மறுக்கலாம். எனக்கும் அது முழுக் காரணமாகத் தோன்றவில்லை. ஆனால் அறிவியலாளர்கள் எல்லோரும் எதிரணியில் நின்றார்கள் என்று எழுதும் முன், அந்த மடலை ஒருமுறை படித்திருக்கலாம்.