பிள்ளையின் பாஸ்வேர்ட் பிள்ளையின் கையில் இருக்கட்டும்

இரண்டு வருடத்துக்கு முன்பு, கதிர்காமத்துக் கொடியேற்றம் நெருங்கிய நேரம். இரவு ஏழு மணியிருக்கும். என்னிடம் படித்த பிள்ளை ஒன்று தகப்பனோடு வீட்டு வாசலில் வந்து நின்றாள். மட்டக்களப்பு மாவட்டத்து மண்டூர்ப் பக்கத்திலிருந்து வாவியைப் பாதையில், அதாவது மிதவைப் படகில், குருமண்வெளிக்குக் கடந்து, அங்கிருந்து ஓட்டோ பிடித்து வந்திருக்கிறார்கள். தகப்பன் வயலுக்கு உடுத்த சாரத்தைக்கூட மாற்றவில்லை.

"புள்ளைக்கு கெம்பஸ் கிடைச்சிருக்கு டீச்சர். பதியிறத்துக்கு நாளையிண்டைக்குத்தான் கடைசியாம். மெயிலுக்குள்ள போக ஏலாமக் கிடக்கு."

வெளி மாகாணத்தில் ஒரு பல்கலைக்கழகம். தெரிவான செய்தியே கூட்டாளிப் பிள்ளை சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். பதிவுக்கான இணைப்பும் தற்காலிக பாஸ்வேர்டும் மெயிலுக்கு வந்திருக்க வேண்டும். அந்த மெயிலைத் திறந்து கொடுத்தவர் சந்தியிலுள்ள கொமினிகேஷன் கடைக்காரர். ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை முடிவு வந்த கையோடு விண்ணப்பம் போடப் போனபோது அவரே மெயில் உண்டாக்கி, அவரே பாஸ்வேர்ட் போட்டு, தன்னுடைய போன் நம்பரையே கொடுத்து, எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பியிருக்கிறார். இருநூறு ரூபாய் எடுத்திருக்கிறார். இப்போது பிள்ளை தன் போனில் திறக்கப் பார்த்தால், உறுதிப்படுத்தும் இலக்கம் அந்த நம்பருக்குப் போகிறது. அவரோ கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போய்விட்டார். ஒகந்தையில் இருந்து குமண, யால காட்டுவழியே நடப்பவரைப் போனில் பிடிக்க முடியுமா என்று இந்தப் பக்கத்து ஆட்களிடம் கேட்கத் தேவையில்லை.

அன்றிரவு அவள் எங்கள் விறாந்தையில் இருந்து அந்த நம்பருக்கு எடுத்துக்கொண்டே இருந்தாள். விடிந்ததும் நான் கம்பஸ் அலுவலகத்துக்கு எடுத்தேன். மணி அடித்தது, ஆள் இல்லை. பதினொரு மணிபோல ஒருவர் எடுத்து, "எல்லாம் மெயிலில் இருக்கிறது, பாருங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார். மத்தியானம் கடைக்காரரின் தம்பியைத் தேடிப் பிடித்துக் கடையைத் திறப்பித்தோம். அந்தக் கொம்பியூட்டரில் அவளுடைய மெயில் திறந்தபடியே கிடந்தது. கடிதம் வந்து பதினொரு நாள். அங்கேயே இருந்து நம்பரை மாற்றி, பாஸ்வேர்டை மாற்றி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாவற்றையும் ஏற்றி முடிக்க இரவு பத்து மணியாகிவிட்டது. பதிவு சரிவந்தது. அவள் படித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் அன்றைக்கு அந்தக் கடை மேசையில் நான் கண்ட ஒரு கொப்பி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. நாற்பது பக்க ரூல் கொப்பி. பக்கம் பக்கமாகப் பிள்ளைகளின் பெயர், அடையாள அட்டை நம்பர், மெயில் முகவரி, பாஸ்வேர்ட். பாஸ்வேர்ட் எல்லாருக்கும் ஒன்றுதான்: கடையின் பெயரும் 123உம். கொம்பியூட்டர் திரையில் பெண்பிள்ளைகளின் கடவுச்சீட்டு அளவுப் படங்களும் அடையாள அட்டைப் பிரதிகளும் பெயர் போட்டு வரிசையாகக் கிடந்தன. யார் வந்து இருந்தாலும் பார்க்கலாம், பிரதி எடுக்கலாம். கடைக்காரர் கெட்டவர் அல்லர். ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் செய்தது பெரிய உதவி. அவர் இல்லாவிட்டால் பாதிப் பேர் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டார்கள். இருந்தாலும் பதின்மூன்று வருடம் படித்து எடுத்த இடத்தின் சாவி ஒரு கடைக் கொப்பியில் கிடப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அந்த இடம் எப்படி வருகிறது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் முறைப்படி பெரும்பாலான துறைகளில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, மிச்சம் 5 வீதம் வரை கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறுக்குள்தான் இருக்கின்றன. வசதி குறைவு என்று அரசே ஒத்துக்கொண்டு தருகிற இடம் அது. அதைப் பெற்ற பிள்ளையிடம் மட்டும் நல்ல போன், நல்ல சிக்னல், ஆங்கிலம், ஒழுங்கான மெயில் எல்லாம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு பதிவு முறையைச் செய்து வைத்தால் அது எப்படிப் பொருந்தும்? குறித்த திகதிக்குள் பதியாவிட்டால் வெற்றிடம் அடுத்தவருக்குப் போய்விடும். வெட்டுப்புள்ளிக்கு மேலே இசட் புள்ளி (தெரிவுக்குக் கணக்கெடுக்கும் புள்ளி) எடுத்த பிள்ளை, ஒரு மெயிலைப் பார்க்காததால் வீட்டில் இருப்பாள்.

ஒன்லைன் முறையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பழைய முறையின் கஷ்டம் எனக்கு நன்றாகத் தெரியும். கைநூலை வாங்கி, படிவத்தைக் கிழித்து நிரப்பி, அதிபரிடம் ஒப்பம் வாங்கி, பதிவுத் தபாலில் போட்டுவிட்டு, யுத்த காலத்தில் அந்தக் கடிதம் போய்ச் சேருமா என்று காத்திருந்தவர்கள் நாங்கள். ஒரு கையெழுத்துக்காக இரவு பஸ்சில் கொழும்புக்குப் போய், சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, மறுநாள் இரவே திரும்பி வந்திருக்கிறேன். இன்றைக்கு அதெல்லாம் இல்லை. 2020இல் கொவிட் வந்தபோது லேர்ன் என்கிற கல்வி வலையமைப்பு வழியாகப் பல்கலைக்கழகங்களுக்கு சூம் வகுப்பு கிடைத்தது, தொலைபேசி நிறுவனங்களும் அதற்கு டேட்டாக் காசு எடுக்காமல் விட்டன. எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு அதனால்தான் நிற்காமல் ஓடியது. 2022இல் எரிபொருள் இல்லாமல் பஸ் நின்றபோதும் வகுப்பு திரும்ப ஒன்லைனுக்குத்தான் போனது. கரண்ட் இருக்கிற மணித்தியாலத்தைப் பார்த்துப் போனைச் சார்ஜ் பண்ணிப் படித்தார்கள். ஆகவே இந்த முறை தேவைதான். அதைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடாமல் தலையில் கட்டிவிடுவதுதான் என் மனத்தை அறுக்கிறது.

பதிவோடு முடிந்தாலும் பரவாயில்லை. முதல் பருவத்திலேயே அடுத்த கஷ்டம் தொடங்கும். பாடங்கள், குறிப்புகள், அசைன்மென்ட் எல்லாம் மூடில் என்கிற தளத்தில் வரும். 2002இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கிய இலவச மென்பொருள், நல்ல மென்பொருள். ஆனால் அதில் பல பாடங்களுக்குள் நுழைய ஒரு என்ரோல்மென்ட் கீ, அதாவது அந்தப் பாடத்துக்கென்று ஒரு கடவுச்சொல், வேண்டும். அது முதல் நாள் வகுப்பில் வாயால் சொல்லப்பட்டிருக்கும். ஹொஸ்டல் கிடைக்காமல் இரண்டு நாள் பிந்திப் போன பிள்ளைக்கு அது தெரியாது, கேட்கவும் கூச்சம்.

என்னிடம் படித்த இன்னொரு பையன். இரண்டு இரவு முழித்து அசைன்மென்ட் செய்து மூடிலில் ஏற்றினான். கோப்பின் பெயர் திரையில் தெரிந்தது, படுத்துவிட்டான். புள்ளி வரவில்லை. விரிவுரையாளரிடம் போய்க் கேட்டால் "நீர் தரவே இல்லையே" என்கிறார். இவன் போனில் காட்டுகிறான், கோப்பு இருக்கிறது. பக்கத்தில் சின்ன எழுத்தில் ட்ராப்ட் என்று இருக்கிறது. கோப்பை ஏற்றிய பிறகு இன்னொரு பொத்தானை அழுத்தி ஒப்படைக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எல்லாப் பாடத்துக்கும் அப்படி இல்லை. விரிவுரையாளர் அந்த அமைப்பைப் போட்டிருந்தால்தான் இரண்டாவது பொத்தான் வரும். அதனால் ஒரு பாடத்துக்குச் சரியாகப் போனது அடுத்த பாடத்துக்குப் போகாது. அவன் சோம்பேறி அல்ல. ஆனால் அந்த அசைன்மென்டின் புள்ளி அவனுக்குப் போனது போனதுதான்.

நேரமும் இப்படித்தான். கடைசித் திகதி 15, நேரம் 12.00 ஏ.எம். என்று இருக்கும். பிள்ளை 15ஆம் திகதி இரவு வரை இருக்கிறது என்று நினைப்பாள். உண்மையில் 14ஆம் திகதி நடுச்சாமத்தோடு கதவு பூட்டியாகிவிடும். விரிவுரையாளர்மார் இதை வாசித்தால் ஒரு கும்பிடு: 11.59 பி.எம். என்று போடுங்கள். உங்களுக்கு ஒரு நொடி வேலை.

தமிழில் எழுதும் பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. எங்கள் பக்கத்து டைப் செற்றிங் கடைகளில் இன்னமும் பாமினி என்கிற பழைய எழுத்துருதான். அது ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் உருவம் போட்டுக் காட்டும். பாமினியில் அடித்ததைப் பிரதி எடுத்து மூடில் பெட்டிக்குள் போட்டால் தமிழ் வராது. அம்மா என்று அடித்தது எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாக நிற்கும். கலைப்பீடப் பிள்ளை ஒருத்தி பத்துப் பக்கக் கட்டுரையை அப்படிப் போட்டுவிட்டு, திரையைப் பார்த்து வைரஸ் என்று பயந்து எனக்கு எடுத்தாள். யூனிகோட்டில், அதாவது எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையில், தமிழ் 1991 முதல் இருக்கிறது. அவர்களுடைய போனிலேயே இருக்கிறது, வட்ஸ்அப்பில் தினமும் அடிக்கிறார்கள். அதே எழுத்துத்தான் அசைன்மென்டுக்கும் வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் இல்லை.

பெயர்ப் பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். மொழிபெயர்த்தவர் தர்ஷினியை ஆங்கில ஐயில் முடித்திருப்பார், பரீட்சைப் படிவம் நிரப்பியவர் வையில் முடித்திருப்பார். முகம்மது என்ற பெயரை ஒரே வீட்டு அண்ணனுக்கும் தம்பிக்கும் இரண்டு விதமாக எழுதியிருப்பார்கள். பழைய எழுதுவினைஞர் இரண்டும் ஒரே ஆள்தான் என்று கண்ணாலே பார்த்து விடுவார். கணினி விடாது. ஆகவே ஏ.எல். எடுக்கும் பிள்ளைகள், உங்கள் பத்திரங்கள் எல்லாவற்றையும் இன்றைக்கே ஒன்றாக வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இப்போதே திருத்தப் போடுங்கள். தெரிவான பிறகு அதற்கு நாள் போதாது.

கம்பஸ்களில் இருப்பவர்களிடம் எனக்குக் கேட்க இருப்பது அதிகம் இல்லை. பதிவு நடக்கும் அந்த இரண்டு மூன்று வாரத்துக்காவது ஒரு நம்பர், அதில் தமிழும் பேசக்கூடிய ஓர் ஆள். மெயிலோடு ஒரு குறுஞ்செய்தி. பதிவுப் பக்கத்தில் தமிழ் விளக்கம். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. பதியும் பக்கத்தில் தமிழைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. அப்புறம் முதல் வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி, ஒரு வெற்றுத்தாளைக் கோப்பாக்கி ஏற்றி ஒப்படைப்பது வரை ஒவ்வொரு பிள்ளையையும் தன் கையால் செய்ய வைக்க வேண்டும். மேடையில் படம் காட்டி விளங்கப்படுத்துவது போதாது.

ஆனால் கம்பஸ் செய்யும்வரை நாங்கள் காத்திருக்கவும் தேவையில்லை. வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது, 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. இப்போது ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக வந்தது. இத்தனை வருடத்தில் இந்த இரண்டு மாவட்டத்திலும் பட்டதாரி இல்லாத ஊர் எது? ஏ.எல். முடிந்து கம்பஸ் போகும் வரை பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டில்தான் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் சொந்த மெயில் திறக்க, யூனிகோட்டில் அடிக்க, போனில் படம் எடுத்து பி.டி.எப். ஆக்கி அளவைக் குறைக்கப் பழக்க இரண்டு சனிக்கிழமை போதும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். கடைக்குப் போங்கள், பிரிண்ட் எடுங்கள், ஸ்கேன் எடுங்கள். ஆனால் பாஸ்வேர்ட் அடிக்கும் இடம் வந்ததும் பிள்ளையைக் கதிரையில் இருத்துங்கள். பிள்ளையின் நம்பரையோ உங்கள் நம்பரையோ கொடுங்கள். எழும்பும் முன்பு லொக் அவுட் பண்ணியதா, படங்களை அழித்ததா என்று நின்று பாருங்கள். கடைக்காரர் கோபிக்க மாட்டார். அந்தக் கடைக்காரர் கதிர்காமத்தால் வந்ததும் நான் போய்ப் பேசினேன். அவர் அந்தக் கொப்பியை எனக்கு முன்னாலேயே கிழித்து எரித்தார். இப்போது அவர் கடையில் பிள்ளைகளே இருந்து அடிக்கிறார்கள், அவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிறார்.

வருகிற சனி காலை ஒன்பது மணிக்கு எங்கள் பாடசாலைக் கணினி அறையில் முதல் வகுப்பு. ஏழு கொம்பியூட்டர் வேலை செய்கிறது. படிப்பிக்க என்னோடு நான்கு பேராவது வேண்டும். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படிக்கிற, லீவுக்கு வீட்டில் நிற்கிற தம்பி தங்கச்சிமார் உள்பெட்டியில் ஒரு சொல் போடுங்கள். பாதைக்கு நான் மோட்டார் சைக்கிளோடு வந்து ஏற்றிக்கொள்கிறேன், மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். வருகிற பிள்ளைகள் அடையாள அட்டையும், ஏ.எல். பெறுபேற்றுத் தாளும், எழுத ஒரு கொப்பியும் கொண்டு வாருங்கள்.