முதல் அம்புக்கு முன்னமே இனிஷியேட்டிவ்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் 'சர்ப்ரைஸ் ரவுண்ட்' (பதுங்கியவர்கள் மட்டும் முதலில் தாக்கும் சுற்று) என்று ஒன்று கிடையாது. அது மூன்றாம், நான்காம் பதிப்புகளோடு போய்விட்டது. ஆனாலும் "நான் மறைவிலயிருந்து அம்பு விடுறன்" என்று ஒருவர் சொன்னவுடன், அந்த அம்பை முடித்துவிட்டுத்தான் பல டிஎம்மார் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) இனிஷியேட்டிவ், அதாவது யார் முந்துவது என்று தீர்மானிக்கும் பகடை, உருட்டச் சொல்கிறார்கள். இது பெரிய பிழை. பதுங்கியவருக்கு ஒரு அடி இலவசமாகக் கிடைக்கிறது.

ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்படி, மறைந்திருக்கிற ஒவ்வொருவரும் ஸ்டெல்த் (பதுங்கும் திறன்) உருட்டவேண்டும். அதை எதிர்ப்பக்கத்து ஒவ்வொருவரின் பாசிவ் பெர்செப்ஷனோடும் (பகடை உருட்டாமலே உள்ள கவனிப்பு எண்) தனித்தனியே ஒப்பிடவேண்டும். பிறகு எல்லாரும் இனிஷியேட்டிவ். எதிரிகளில் ஒருவரையும் கவனிக்காதவர் அகப்பட்டவர்; அவருக்கு முதல் டேர்னில் (அவருடைய முறையில்) நகர்வும் இல்லை, ஆக்‌ஷனும் இல்லை. அந்த டேர்ன் முடியும்வரை, மற்றவர் செய்வதற்குப் பதிலாகச் செய்யும் ரியாக்‌ஷனும் இல்லை. முடிந்ததும் ரியாக்‌ஷன் திரும்பிவிடும். அதனால் இனிஷியேட்டிவில் முந்திய விஸார்ட் (மந்திரவாதி), திகைத்து நின்றாலும், அம்பு வரும்போது ஷீல்ட் என்ற காப்பு மந்திரம் போடலாம். அம்பை முதலே விட்டால் இந்த வாய்ப்பைப் பறிக்கிறீர்கள்.

திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை வாசலில் நாலு கொப்ளின்கள் (சிறு அரக்கர்கள்) பதுங்கியிருப்பதாக வையுங்கள். ஸ்டெல்த் 22, 19, 15, 12. உங்கள் குழுவில் பாசிவ் 14 உள்ள கிளெரிக் (பூசாரி) கடைசிக் கொப்ளினைக் கண்டுவிடுவார். ஒன்றைக் கண்டாலே போதும். 11 உள்ள ஃபைட்டர் (போர்வீரர்) அகப்படுவார். பொழுதுபட்ட மங்கல் வெளிச்சமென்றால் பார்வையை நம்பும் பாசிவில் 5 குறையும், கிளெரிக்கும் அகப்படுவார். டார்க்விஷன் (இருட்டிலும் காணும் பார்வை) உள்ள எல்ஃபுக்கு அந்தக் குறைப்பு இல்லை. இதைத்தான் அதிகம் மறக்கிறார்கள்.

"நாங்க கவனமாத்தானே வந்தனாங்கள்" என்று வாதாடுவோருக்கு 1942 ஏப்ரலைச் சொல்வேன். ஜப்பானியக் கடற்படை இலங்கையை நோக்கி வருவது முதல்நாளே தெரிந்திருந்தும், 5ஆம் திகதி குண்டுவீச்சு விமானங்கள் கொழும்புக்கு மேலே வந்தபோது இரத்மலானைச் சண்டை விமானங்கள் தரையில் நின்றன. 9ஆம் திகதி திருகோணமலையில் ரேடார் முன்கூட்டியே காட்டியது, விமானங்கள் மேலெழுந்தன. துறைமுகம் அப்படியும் அடிவாங்கியது. எதிரி எங்கோ இருக்கிறான் என்று அறிவது வேறு, இந்த நிமிடம் கவனிப்பது வேறு.

திருத்தப்பட்ட 2024 விதியில் அகப்பட்டவருக்கு இனிஷியேட்டிவில் டிஸ்அட்வான்டேஜ் (இரு பகடை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) மட்டுமே. முதலாம் லெவலுக்கு இதையே எடுங்கள். பழைய விதியில் கொப்ளின்கள் முந்தினால், அகப்பட்ட குழு கையசைக்க முன் எட்டு அம்பு பாயும். ஒரு அம்புக்குச் சராசரி 5 சேதம், விஸார்ட்டிடம் இருப்பதோ ஏழெட்டு ஹிட் பொயின்ட் (உயிர்ப் புள்ளி). ஐந்தாம் லெவலுக்குப் பிறகு 2014 விதிதான் எனக்குப் பிடிக்கும், பதுங்கலுக்கு அதில்தான் உண்மையான கூலி.

பதுங்குவது உங்கள் குழுவென்றால் செயின் மெயில் (சங்கிலிக் கவசம்) போட்டவரைக் கவனியுங்கள். அவருக்கு ஸ்டெல்தில் டிஸ்அட்வான்டேஜ், அவர் ஒருவர் தெரிந்தாலே எல்லாம் கெட்டுவிடும். ட்ரூயிட் அல்லது ரேஞ்சர் இருந்தால் பாஸ் விதவுட் ட்ரேஸ் என்ற மந்திரத்தைப் போடச் சொல்லுங்கள்: 30 அடிக்குள் நிற்கும் தோழர்களுக்கு ஸ்டெல்தில் 10 கூடும். கொன்சென்ட்ரேஷன் (மந்திரத்தில் வைக்கும் மனக்குவிப்பு) உடையாமல் இருந்தால் ஒரு மணித்தியாலம் நிற்கும்.