சமாதானத்துக்குப் பின் நடந்த கொள்ளையா?

1812-இல் தொடங்கிய அமெரிக்க-பிரிட்டிஷ் போரை முடிக்கும் கெண்ட் உடன்படிக்கை 1814 டிசம்பர் 24 அன்றே கையெழுத்தாகிவிட்டதால், 1815 பிப்ரவரி 26 அன்று ஹவானா அருகே அமெரிக்காவின் பால்டிமோர் ஸ்கூனர் (பாய்மரக் கப்பல்) ஷசூர், பிரிட்டிஷ் கடற்படையின் செயின்ட் லாரன்ஸ் கப்பலைப் பிடித்தது கடற்கொள்ளையே என்று சொல்வது தவறு. கையெழுத்தோடு போர் முடியவில்லை. இரு தரப்பும் ஒப்புதல் அளித்த பிறகே உடன்படிக்கை செல்லும் என்பது அதிலேயே உள்ள விதி. ஒப்புதல் பத்திரங்கள் வாஷிங்டனில் பரிமாறப்பட்டது பிப்ரவரி 17 அன்றுதான். அதன் பிறகும், செய்தி கடலில் பரவ நாளாகும் என்பதால், வட அமெரிக்கக் கரையோரத்துக்கு 12 நாளும் மேற்கிந்தியத் தீவுப் பகுதிக்கு 30 நாளும் உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு அவகாசம் தந்தது. சண்டை நடந்தது ஒப்புதல் பரிமாறப்பட்ட ஒன்பதாம் நாள், அந்த அவகாசத்துக்குள்ளேயே. தவிர, ஷசூரின் கேப்டன் தாமஸ் பாயில், எதிரிக் கப்பல்களைப் பிடிக்க அமெரிக்க அரசு தந்த உரிமப் பத்திரத்தோடு போரிட்டவர், கொள்ளையர் அல்லர். சுவையான செய்தி, செயின்ட் லாரன்ஸே 1813-இல் பிரிட்டிஷார் பிடித்த அட்லஸ் என்ற அமெரிக்க ஸ்கூனர்தான்.