டாக்சி வருமா சார்?

குன்னூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு மருந்து வாங்கப் போனேன். பூட்ட மறந்திருக்கிறேன். திரும்பி வந்தால் பின் சீட்டில் ஒரு குடும்பம். பாட்டி செருப்பைக் கழற்றி, காலை மடக்கி வசதியாக உட்கார்ந்துவிட்டார். "லேம்ஸ் ராக் போயிட்டு வர எவ்வளவுங்க?" என்கிறார் மகன்.

அவர்கள்மேல் தப்பில்லை. என்னுடையது வெள்ளை டாடா டிகோர் மின்சார செடான். இதே வண்டியைத்தான் எக்ஸ்பிரஸ்-டி என்ற பெயரில் டாக்சிக்கு விற்கிறார்கள். பச்சை நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து என்றால் வாடகை வண்டி. இதைப் பாட்டிக்கு யார் போய்ச் சொல்வது? வண்டியின் தோற்றத்தை மாற்றியே ஆவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அக்கா மகன் கோவையில் இருக்கிறான். கேள்விப்பட்டதும் அடுத்த ஞாயிறே வந்து நின்றான், ஃபோன் நிறைய படங்களோடு. கறுப்புக் கூரை, முன் பம்பருக்கு அடியில் லிப் என்கிற உதடு மாதிரிப் பட்டை, டிக்கிமேல் ஸ்பாய்லர் என்கிற சின்ன இறக்கை, 16 அங்குல அலாய் வீல், பின்னால் இரட்டை சைலன்சர் குழாய். கடைசி ஐட்டத்தில் சிரித்துவிட்டேன். புகையே விடாத வண்டிக்கு எதுக்குடா சைலன்சர்? "சும்மா ஒரு கெத்துக்கு, மாமா." முன்பக்கத்து மூடிய பலகைமேல் ஒட்டிக்கொள்ள வலை கிரில்லும் கிடைக்கிறதாம். இன்ஜின் கிடையாது, அவ்வளவு காற்று தேவையில்லை என்றுதான் அந்த முகத்தையே மூடிவைத்திருக்கிறார்கள். அதன்மேல் பொய்க்கு ஒரு வலை. பார்வை நன்றாக இருப்பவன் பவர் இல்லாத கண்ணாடி மாட்டிக்கொள்கிற கதை.

சரி, பையன் ஆசைப்படுகிறானே என்று லிப்புக்கும் ஸ்பாய்லருக்கும் தலையாட்டினேன். கோவையில் ஒரு கடையில் மாட்டினார்கள். பர்லியார் தாண்டி, 14 கொண்டை ஊசி வளைவுகளையும் பத்திரமாக ஏறி வந்து, கடைசியில் என் வீட்டுக்கு இறங்கும் சரிவில் 'கரக்'. லிப் இரண்டு துண்டு. குன்னூரில் வீடு இருப்பவர்களுக்கு அந்தச் சரிவு தெரியும், கிணற்றுக்குள் வண்டியை இறக்குகிற மாதிரி இருக்கும். கடைக்காரருக்கு ஃபோன் போட்டால், "உங்க ஊர் ரோட்டுக்கு நாங்க என்ன சார் பண்றது?" என்றார். கோபம் வந்தது, ஆனால் யோசித்தால் சரியான கேள்விதான்.

லிப், ஸ்பாய்லர் மாதிரிச் சாமான்கள் எல்லாம் வேகமாகப் போகும்போது காற்றைச் சமாளிக்க, சமவெளி நெடுஞ்சாலையை மனதில் வைத்துச் செய்தவை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும். மணிக்கு 90 கி.மீ.-இல் போகும்போது இருப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான் 30-இல் இருக்கும். மலைப்பாதையில் 30-ஐத் தாண்டுவதே அபூர்வம். இங்கே நமக்கு வில்லன் காற்றில்லை, உயரம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் சுமார் 1500 மீட்டர் மேலே இருக்கிறது. ஆட்களோடு சேர்த்து ஒன்றரை டன்னை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே ஆறு யூனிட் மின்சாரம் வேண்டும். என் பேட்டரி மொத்தமே 26 யூனிட். இறங்கும்போது மோட்டாரே பிரேக்காக மாறி அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும், அது தனிச் சந்தோஷம். இதற்கு நடுவில் ஸ்பாய்லர் என்ன கிழித்துவிடப் போகிறது? அலாய் வீலையும் வேண்டாம் என்றேன். ரிம் பெரிதானால் டயரின் பக்கச் சுவர் குறையும். மழைக்காலத்துக் குழியில் ரிம் வளைந்துவிட்டால் என்ன செலவாகும் என்று தெரியும்.

அப்புறம் நவம்பர் வந்தது.

வடகிழக்குப் பருவமழை நேரம், காட்டேரி பக்கம் சாயங்காலம் ஐந்து மணிக்கே மேகம் ரோட்டில் இறங்கிவிட்டது. கொழுந்து பறித்துவிட்டு ஒரு அம்மா தேயிலைத் தோட்டத்துப் படியில் பக்கவாட்டிலிருந்து இறங்கி வந்தார். நான் பார்த்து நிறுத்திவிட்டேன். அவர் பார்க்கவில்லை. நேராக நடந்து வந்து பானட்டில் கை இடித்த பிறகுதான் திடுக்கிட்டார். "ஏந்தம்பி, பேய் மாதிரி வந்து நிக்கிற?" ஹெட்லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அது எதிரே வருகிறவர்களுக்கு. பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வெள்ளை மூட்டத்துக்குள் ஒரு வெள்ளை வண்டி, சத்தமும் இல்லாமல். ஐரோப்பாவில் 2019 ஜூலையிலிருந்து புதிதாக வரும் மின்சார கார் மாடல்கள் மெதுவாகப் போகும்போது செயற்கையாக ஒலி எழுப்பியாக வேண்டும் என்று விதி வைத்ததன் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த அம்மாவின் இடத்தில் ஒரு காட்டெருமை இருந்திருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

ஆக, மாற்ற வேண்டியது நிறம். மலையில் வேறு எதுவும் அவ்வளவு முக்கியமில்லை என்பது என் கட்சி.

எனக்கு ஆசை நம்ம மலை ரயிலின் நீலமும் க்ரீமும்தான். ஆனால் க்ரீம் மூட்டத்தில் வெள்ளைக்குச் சமம், நீலம் அந்தியில் கரைந்துவிடும். தோடர் பூவேலையின் சிவப்பு கறுப்புக் கோலத்தைப் பக்கவாட்டில் ஸ்டிக்கராக ஒட்டலாம் என்றான் மருமகன். அது 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலைப்பாடு, அந்தப் பெண்கள் துணியில் இழை எண்ணி எண்ணிப் போடுவது. கம்ப்யூட்டரில் வெட்டிக் கதவில் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. தனிச் சிவப்பு? வெளிச்சம் மங்க மங்க நம் கண்ணுக்குச் சிவப்புதான் முதலில் கறுக்கும். மிஞ்சியது மஞ்சள். நல்ல எலுமிச்சை மஞ்சள்.

பெயின்ட் அடிக்காமல், வண்டிமேல் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டுகிற வினைல் ஃபிலிம் ஒட்டினேன். வேண்டாம் என்றால் உரித்துவிடலாம். பளபளப்பு வகைதான் வாங்கினேன். மங்கலான மேட் ரகம் பார்க்க அழகு, ஆனால் மரத்தடியில் நிற்கும் குன்னூர் வண்டிக்குக் கண்ணாடி ரப்பரிலேயே பாசி பிடிக்கிறது, அந்தச் சொரசொரப்பில் கேட்கவா வேண்டும்? ஒட்டுவதற்கு உலர்ந்த, சூடான இடம் வேண்டும் என்று மறுபடி கோவைக்கே இறக்கினேன், வேறு கடைக்கு. அவர்கள் பின் பம்பர் சென்சார்களையும் சேர்த்து மூடிவிட்டார்கள். ரிவர்ஸ் போட்டால் பின்னால் யாருமே இல்லாமல் பீப் பீப். அந்த வட்டங்களை வெட்டியெடுக்க இன்னொரு நாள் போனது. நிறம் ஆர்.சி.யில் இருக்கும் விவரம், அதனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லிப் பதிந்துகொள்ள வேண்டும். ஃபிலிம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

பேருந்து நிலையத்தில் இப்போது யாரும் ஏறி உட்காருவதில்லை. போன வாரம் வெலிங்டன் பக்கம் மூட்டத்தில் மெதுவாக வந்துகொண்டிருந்தேன். தூரத்திலேயே பார்த்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு மூன்று பிள்ளைகள் ரோட்டோரம் வந்து நின்று கை காட்டினார்கள். ஸ்கூல் வேன் என்று நினைத்துவிட்டார்கள்.